ராதாகிருஷ்ணா தொடர் பார்க்கும் மகளின் கேள்வி: கண்ணன் ஏன் ராதையைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?

மாம்பலம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். விஜய் டிவியில் தமிழில் வந்த ராதாகிருஷ்ணா தொடரைக் கோடை விடுமுறையில் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். இந்தியில் ஸ்டார் பாரத் சேனலில் 2018 அக்டோபரில் தொடங்கி 2023 ஜனவரி வரை ஓடிய தொடர் அது, 1,100 எபிசோடுக்கு மேல் இருக்கிறது. சுமேத் முத்கல்கர்தான் கண்ணன், மல்லிகா சிங்தான் ராதை. இப்போது எங்கள் வீட்டில் கண்ணன் என்றால் அந்த முகம்தான், காலண்டரில் இருக்கிற கண்ணனைக் காட்டினால்கூட 'இது இல்லம்மா' என்கிறாள்.

ராதைக்கும் அயன் என்ற வேறொருவனுக்கும் கல்யாணம் நடக்கிற பகுதி வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, ஷூ போட்டுக்கொண்டே கேட்டாள்: "கண்ணனுக்கு ராதையைத்தானே பிடிக்கும், அப்புறம் ஏன் ருக்மிணியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்? அது தப்பு இல்லையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. சாயந்திரம் சொல்கிறேன் என்று வேனில் ஏற்றிவிட்டேன். அன்று சாயந்திரமும் எனக்குத் தெரியவில்லை.

என் மாமியார் கோபமாக இருக்கிறார். மார்கழி முப்பது நாளும் திருப்பாவை சொல்கிறவர் அவர். "நம்ம ஆண்டாள் பாட்டில் ராதை எங்கே வருகிறாள்? நப்பின்னைதான் வருகிறாள். இதெல்லாம் வடக்கே இருந்து வந்த கதை, டிவிக்காரன் இன்னும் நாலு சேர்த்துவிட்டான், குழந்தை தலையில் இதை ஏற்றாதே" என்கிறார். அவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் எனக்கு எது புராணம், எது சீரியல்காரர்கள் எழுதியது என்று பிரிக்கத் தெரியாது. அதே சமயம் குழந்தை அந்த ராதையை உண்மையாகவே நேசிக்கிறாள், 'அதெல்லாம் பொய்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராதை எந்த நூலில் இருக்கிறாள்? அவர்கள் பிரிவதற்குக் காரணமாகத் தொடரில் காட்டுகிற சாபம், அயன் எல்லாம் எங்கிருந்து வந்தது? முக்கியமாக, எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன சொல்வது?


குளத்தங்கரை எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறது குழந்தை. நான் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் மூல நூல்களோடு வைத்துப் படிப்பதே வேலையாகிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாகவதத்தில் ராதை என்ற பெயர் வெளிப்படையாக இல்லை. அதற்காக அவள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பத்தாவது ஸ்கந்தத்தில் 29 முதல் 33 வரை ஐந்து அத்தியாயங்கள் ராசக்கிரீடை, கண்ணன் கோபியரோடு ஆடுகிற ஆட்டம். அதில் 30ஆவது அத்தியாயத்தைக் குழந்தைக்கு அவசியம் சொல்லுங்கள். கண்ணன் திடீரென்று மறைந்துவிடுகிறான். கோபியர் யமுனைக் கரைக் காட்டில் மரம் மரமாகக் கேட்டுக்கொண்டு தேடுகிறார்கள். மண்ணில் அவன் காலடி தெரிகிறது. பின்தொடர்ந்தால் பக்கத்திலேயே ஒரு பெண்ணின் காலடி. யார் அவள்? கொஞ்ச தூரத்தில் அவள் அடி காணோம், அவன் அடி மட்டும் மண்ணில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 'அவளுக்குக் கால் வலித்திருக்கும், தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்' என்கிறார்கள். இன்னும் தள்ளி முன்பாதம் மட்டும் பதிந்திருக்கிறது, 'இங்கே எம்பி நின்று அவளுக்குப் பூப்பறித்திருக்கிறான்' என்கிறார்கள். இரண்டு பேரையும் யாரும் பார்க்கவில்லை, மண்ணை வைத்தே முழுக் கதையையும் படித்துவிடுகிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தப் பெண்ணைப் பற்றிக் கோபியர் 'அனயாராதிதோ நூனம்' என்கிறார்கள், பகவானை நன்றாக ஆராதித்தவள் இவள்தான் என்று பொருள். அந்த 'ஆராதித' என்ற சொல்லுக்குள்ளேயே ராதை ஒளிந்திருக்கிறாள் என்று பின்னால் வந்த வைணவப் பெரியவர்கள், முக்கியமாக வங்காளத்துக் கௌடிய மரபினர், எடுத்துக்காட்டினார்கள்.

பெயர் சொல்லி வருகிற பழைய இடம் பிராகிருத மொழியில் இருக்கிறது. சாதவாகன மன்னர் ஹாலர் தொகுத்ததாகச் சொல்லப்படும் காதா சப்தசதியில் ஒரு சின்னப் பாட்டு: மாடுகள் கிளப்பிய தூசி ராதையின் முகத்தில் படிந்திருக்க, கண்ணன் வாயால் ஊதி அதை விலக்குகிறான். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டு நிற்கிற மற்றப் பெண்களுக்கு அதிலேயே கர்வம் போய்விடுகிறது.

பிறகு 12ஆம் நூற்றாண்டில் ஜயதேவரின் கீதகோவிந்தம். 12 சர்க்கம், அவற்றுக்குள் அஷ்டபதி என்கிற பாட்டுகள் 24. ராதையைக் கதையின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தது அதுதான்.

நீங்கள் கேட்ட சாபமும் அயனும் பிரம்மவைவர்த்த புராணத்திலிருந்து வருகின்றன. கண்ணனின் உலகமான கோலோகத்தில் அவன் தோழன் ஸ்ரீதாமனுக்கும் ராதைக்கும் சண்டை வந்து, அவன் கொடுத்த சாபத்தால் அவள் பூமியில் பிறந்து நூறு வருடம் கண்ணனைப் பிரிந்திருக்கிறாள். ஆகவே அது சீரியல்காரர்கள் இட்டுக்கட்டியது இல்லை. கணவன் பெயர் அங்கே ராயாணன், அவனோடு இருந்தது ராதையின் நிழல் வடிவம் மட்டும்தான் என்கிறது அந்த நூல். இன்னொன்று சொன்னால் குழந்தை சந்தோஷப்படுவாள்: அதே புராணத்தில், பாண்டீர வனத்தில் பிரம்மாவே புரோகிதராக இருந்து ராதைக்கும் கண்ணனுக்கும் கல்யாணம் செய்துவைக்கிறார்! எனவே 'ராதையைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை' என்பது எல்லா நூலுக்கும் பொதுவான முடிவு கிடையாது.

இனி உங்கள் மாமியாருக்கு. அவர் சொல்வதும் சரியே, ஆழ்வார்கள் பாடியது நப்பின்னையை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை ஆடும்போது மாதரி தன் பெண்களை நிறுத்தி ஒருத்தியை மாயவன், ஒருத்தியைப் பலராமன், ஒருத்தியைப் பின்னை என்கிறாளே, அவ்வளவு பழைய சொத்து அது. ஏழு எருதுகளை அடக்கி அவளைக் கைப்பிடித்தான் என்பது நம் கதை. பாகவதத்தில் அதே ஏழு எருது கோசல நாட்டு இளவரசி சத்யைக்காக வருகிறது. திருப்பாவையில் 18, 19, 20 மூன்று பாட்டிலும் அவளை எழுப்புகிறாள் ஆண்டாள். அவள் கதவைத் திறந்தால்தான் கண்ணனைப் பார்க்க முடியும். 18ஆம் பாட்டில் 'சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்' என்று பாடிக்கொண்டே ராமானுஜர் தன் குரு பெரியநம்பி வீட்டு வாசலில் நிற்க, அவர் மகள் அத்துழாய் வளையல் குலுங்கக் கதவைத் திறந்தாளாம், நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் மயங்கி விழுந்தார் என்பார்கள்.

எங்கள் பார்த்தசாரதி சன்னிதியில் மூலவர் வேங்கடகிருஷ்ணன் பெரிய மீசையோடு நிற்கிறார், பக்கத்தில் ருக்மிணி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன். கையில் சக்கரம் இல்லை, சங்கு மட்டும். மனைவி, அண்ணன், பிள்ளை, பேரன் என்று குடும்பமாக நிற்கிற கண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். அந்தப் புல்லாங்குழல் பையன் பெரியவனானால் எப்படி இருப்பான் என்று அவள் பார்க்கட்டும்.


செய்யாற்றுக்காரன் எழுதியது:

பெரியவர் நிறையச் சொல்லிவிட்டார், நன்றி ஐயா. எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் வில்லிபாரதம் வாசித்து விளக்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேடம் கட்டினவர் அந்த உயரமான மரத்தில் ஏறும்போது கீழே பெண்கள் கும்பிட்டபடி நிற்பார்கள். படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் படுக்கவைத்திருப்பார்கள். கூத்தில் வருகிற எத்தனையோ விஷயம் வியாசரிடம் இல்லை. யாரும் எந்த சுலோகம் என்று கேட்டதில்லை. வாத்தியார் அன்றைக்கு என்ன பாடினாரோ அதுதான் பாரதம். அதே மாதிரி ஒரு சீரியலும் கதை சொல்லட்டும். நம் கதைகள் இப்படித்தான் இத்தனை காலம் உயிரோடு இருந்தன.

எனக்கு அந்தத் தொடரில் பிடிக்காதது வேறு. ராதையை அழவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜயதேவரின் ராதை கண்ணனையே திட்டி வாசலோடு அனுப்புகிறவள், அந்தக் கோபம்தான் அவளுடைய அழகு. டிவியில் அந்தக் கோபம் நாலு எபிசோடு தங்குவதில்லை, உடனே கண்ணீர், ஸ்லோ மோஷன், முகத்துக்கு முகம் கேமரா. அப்புறம் அயனை ஒரேயடியாகப் பொறாமைக்காரனாகக் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பையனுக்கும் ஒரு மனசு இருக்கும் இல்லையா?

அக்கா, குழந்தையிடம் 'சாபத்தால் பிரிந்தார்கள்' என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். யாரோ சபித்தார்கள், அதனால் வாழ்க்கை கெட்டது என்று அவள் எடுத்துக்கொள்வாள். அவள் கேட்டது 'தப்பு இல்லையா' என்று. அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ருக்மிணி தானே கடிதம் எழுதி ஒரு அந்தணரிடம் கொடுத்தனுப்பி, 'சிசுபாலனுக்கு என்னைக் கொடுக்கப் போகிறார்கள், நீ வந்து கூட்டிப் போ' என்று கேட்டவள். கண்ணன் போகாமல் இருந்திருந்தால் அது சரியா என்று அவளிடமே கேளுங்கள். யோசிக்கட்டும்.


வடபழனி_மைக் எழுதியது:

நான் டப்பிங் வேலையில் இருக்கிறேன். இந்தத் தொடரில் வேலை செய்யவில்லை, ஆனால் இந்தியிலிருந்து தமிழுக்கு வரும் புராணத் தொடர்கள் சிலவற்றுக்கு வசனம் பார்த்திருக்கிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒரு விஷயம்.

இந்தியில் அவர்கள் சொல்வது 'ப்ரேம்'. மனுஷக் காதலுக்கும் அதே சொல், தெய்வத்தின் மீதான அன்புக்கும் அதே சொல். தமிழில் 'காதல்' என்று எழுதினால் சினிமா ஞாபகம் வருகிறது, 'பக்தி' என்று போட்டால் அந்தக் காட்சியே செத்துவிடுகிறது, 'அன்பு' எல்லாருக்கும் பொதுவாகப் போய்விடுகிறது. இதோடு உதடு வேறு பொருந்த வேண்டும். ப, ம வரும்போது உதடு மூடும், அங்கே நம் வசனத்திலும் ப, ம வரவேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். 'ப்ரேம்' என்பதில் முதலிலும் கடைசியிலும் உதடு மூடுகிறது. 'காதல்' என்பதில் உதடு மூடுவதே கிடையாது. அதனால்தான் டப்பிங் தொடர்களில் 'பிரேமை', 'பிரேமம்' என்று நம் வாயில் புழங்காத சொற்களை அவ்வளவு கேட்கிறீர்கள். ஒரு வரிக்காக ராத்திரி பதினோரு மணி வரை ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஏன் சொல்கிறேன் என்றால், குழந்தைக்கு 'ராதை கண்ணனைக் காதலித்தாள், ஆனால் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்' என்று பதிந்திருப்பதில் மொழிக்கும் பங்கு இருக்கிறது. மூலத்தில் அவர்கள் பேசுவது ஒன்று, நம் காதில் விழுவது வேறு. வீட்டில் நீங்கள் கதை சொல்லும்போது உதடு பொருந்தவேண்டிய கட்டாயம் இல்லையே, உங்கள் சொல்லில் சொல்லுங்கள். 'கண்ணன் என்றால் ராதைக்கு உசிரு' என்று சொன்னாலே அவளுக்குப் புரிந்துவிடும்.


பஜனை_வீடு எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் ராதா கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! நான் நங்கநல்லூர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக பஜனை. ராதைக்கும் கண்ணனுக்கும் கல்யாணம் ஆகவில்லை என்று யார் சொன்னது, நாங்கள் வருஷா வருஷம் நடத்திவைக்கிறோம்!

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: ராதை வடக்கே இருந்து வந்தவள் என்பது உண்மைதான், ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து நம் வீட்டுப் பெண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. போதேந்திர சுவாமிகள், ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் மூன்று பேரும் வகுத்த பஜனை சம்பிரதாயம் இது. முதலில் தொடக்கப் பாட்டுகளான தோடய மங்களம், குரு தியானம், அப்புறம் அஷ்டபதி 24-ம். பிறகு விளக்கைச் சுற்றி ஆடுகிற திவ்யநாமம், காலையில் வீதியில் பாடிக்கொண்டே அரிசி வாங்குகிற உஞ்சவிருத்தி. கல்யாணத்துக்காக உரலில் குத்துகிற முத்துக்குத்தலில் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொள்வோம். மாலை மாற்றி, ஊஞ்சலில் வைத்துப் பாடி, சீர்வரிசைத் தட்டு கொண்டுவந்து, 22ஆம் அஷ்டபதி பாடும்போது திருமாங்கல்யம். கடைசியில் ஆஞ்சநேய உற்சவம், வடைமாலை. எங்கள் பாட்டி கண்ணனுக்கு மாமியார் ஸ்தானத்தில் நின்று திருஷ்டி கழிப்பாள், கழித்துவிட்டு அழுவாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அழுகை அது, நான் சின்ன வயதில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

19ஆம் அஷ்டபதி பற்றி ஒரு கதையும் சொல்வார்கள். கோபமாக இருக்கிற ராதையிடம் கண்ணன் 'உன் பாதத்தை என் தலையில் வை' என்று கேட்பதாக ஜயதேவருக்கு ஒரு வரி தோன்றியது. பகவானைப் பற்றி இப்படி எழுதலாமா என்று பயந்து ஓலையை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அந்த வரி எழுதப்பட்டிருந்தது. அவர் உருவத்தில் கண்ணனே வந்து, எழுதி, அவர் மனைவி பத்மாவதி கையால் சாப்பிட்டுவிட்டும் போயிருக்கிறான். நாங்கள் அதை முகாரி ராகத்தில் பாடுவோம். செய்யாற்றுக்காரத் தம்பி சொன்ன ராதையின் கோபத்துக்குக் கண்ணன் கொடுத்த மரியாதை அது. ராதையை அழுமூஞ்சியாகக் காட்டினால் எனக்கும் மனசு கேட்காது தம்பி.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாம்பலத்திலும் நடக்கிறது, நங்கநல்லூரிலும் நடக்கிறது. பட்டுப்பாவாடை கட்டி, கையில் ஒரு சீர்த்தட்டு கொடுத்துவிட்டால், கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று அவள் இனிமேல் கேட்கவே மாட்டாள்.


குளத்தங்கரை எழுதியது:

பஜனை வீட்டு அம்மாவுக்கு நமஸ்காரம், நான் விட்டதை எடுத்துக் கொடுத்தீர்கள். செய்யாற்றுத் தம்பிக்கு ஒரு வார்த்தை: மூலம் தெரிந்துகொள்வது கதையைக் குறைக்க அல்ல, எத்தனை பேர் எத்தனை விதமாக அவளை நினைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். மற்றபடி நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. பாகவதம் பத்தாவது ஸ்கந்தம் 82ஆவது அத்தியாயத்தில், சூரிய கிரகணத்தன்று குருக்ஷேத்திரத்தில் கோபியர் கண்ணனை மறுபடி பார்க்கிறார்கள். அத்தனை வருடத்துக்குப் பிறகு. கண் இமைக்கிறதே என்று இமையைப் படைத்தவனைக் கோபித்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு அதையும் சொல்லலாம்.


மாம்பலம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மாமியாரிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். ஆய்ச்சியர் குரவை வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். ராதா கல்யாணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் காலையில் 'அது எப்போ நடக்குமாம்?' என்று கேட்டார்.

போன ஞாயிறு பார்த்தசாரதியைப் பார்த்தோம். மீசையைப் பார்த்து மகள் வெகு நேரம் பேசவில்லை. வெளியே வந்ததும் 'ருக்மிணி நல்லவங்கதானே?' என்றாள். கடிதக் கதையைச் சொன்னேன், செய்யாற்றுத் தம்பி சொன்ன மாதிரி 'கண்ணன் போகாம இருக்கலாமா?' என்று கேட்டேன். 'போகணும்' என்றாள். கொஞ்சம் நடந்த பிறகு, 'ஆனா ராதாகிட்ட சொல்லிட்டுப் போகணும்' என்றாள். நான் சரி என்றேன்.

அங்கிருந்து அப்படியே மெரினாவுக்குப் போனோம். அலை வந்து போன ஈர மணலில் உட்கார்ந்து காலடிக் கதையைச் சொன்னேன். பாதி கேட்கும்போதே எழுந்துவிட்டாள். முதலில் நுனிக்காலில் எம்பி நின்று, இல்லாத மரத்தில் பூப்பறித்து, குனிந்து தன் தடத்தைப் பார்த்தாள். முன்பாதம் மட்டும்தான் பதிந்திருந்தது. அப்புறம் அவள் அப்பாவைத் தனியாகப் பத்தடி நடக்கச் சொன்னாள், பிறகு தன்னைத் தூக்கிக்கொண்டு பத்தடி. இறங்கி வந்து இரண்டு தடத்திலும் விரலை விட்டு ஆழம் பார்த்தாள். "அம்மா, நிஜமாவே ஆழமா இருக்கு, தூக்கிட்டுத்தான் போயிருக்கார்" என்று கத்தினாள். பாட்டியையும் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். என் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் வலியோடு மெதுவாகக் குனிந்து, அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தார்.